நாலாம் நம்பர்

1996 ஜூலை 3, புதன்

புது மெஷின் இன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரி லேப் மேஜையில் ஏறியது. மெஷின் என்று டாக்டர்தான் சொல்கிறார். எனக்குப் பார்க்க, மீன் தொட்டியில் இரண்டு வயர் சொருகின மாதிரி இருக்கிறது. எலக்ட்ரோபோரெசிஸ். ரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கிற சீரத்தில் இருக்கிற புரதங்களை மின்சாரம் விட்டுத் தனித்தனியாகப் பிரிக்கிற வேலை. படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதினது. தலை நரைத்த பிறகு கையால் செய்யச் சொல்கிறார்கள்.

செய்தேன். மறந்துபோகும் என்று எழுதி வைக்கிறேன். காகிதம் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அதை பஃபர் கரைசலில் மெதுவாக நனைத்து, வடிதாளில் ஒற்றி எடுக்கணும். ஓர் ஓரமாக ஒவ்வொரு ஆளின் சீரத்தையும் சின்னக் கோடாக வரிசையாக வைத்து, பட்டையைத் தொட்டிக்குள் கிடத்தி, மூடி, கரண்ட் கொடுத்தால் புரதங்கள் ஓட ஆரம்பிக்கும். ஆல்புமின் முதலில் ஓடும். என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பியே பார்க்காது. ஆல்பாவும் பீட்டாவும் நடுவில். கடைசியில் ஆடி அசைந்து காமா. அப்புறம் சிவப்புச் சாயத்தில் முக்கி அலசினால், புரதம் நின்ற இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். காமா மட்டும் சாயம் இறங்கின சேலை மாதிரி பரவலாக இருக்கும். அப்படி இருந்தால்தான் நல்லது.

பட்டை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்று தெரியாது. அதனால் நனைக்கிறதுக்கு முன்னாலேயே இடது மேல் மூலையைக் கத்தரித்துவிட வேண்டும். வெட்டு இடது பக்கம் தெரிந்தால் சரி. வலது பக்கம் தெரிந்தால் பட்டை கவிழ்ந்து கிடக்கிறது, முதல் ஆள் கடைசி ஆளாகத் தெரிவார். இதை நான் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். சுவருக்குப் பக்கத்தில் சவரிமுத்து நின்றிருந்தார்.

அவரும் என்னைப் போல சீனியர் டெக்னீஷியன். நாங்கள் நேருக்கு நேர் பேசி ஏழு வருஷம் ஆகிறது. நான் எண்ணின வெள்ளையணுக் கணக்கை, அப்போதிருந்த டாக்டர் முன்னால், “உலகம்மா மேடம் மைக்ராஸ்கோப்ல எண்ண மாட்டாக, மனசுலயே எண்ணிருவாக” என்று சொன்ன மனுஷன். அன்றிலிருந்து எல்லாம் சாடைப் பேச்சுதான்.

இன்றைக்கு அவர் ரத்தம் சுழற்றுகிற சென்ட்ரிஃப்யூஜைப் பார்த்துச் சொன்னார்: “பென்சில்ல நம்பர் போட்டா போதாதா? கத்தரிக்கோலெல்லாம் தையக்கடைக்காரனுக்கு.”

சென்ட்ரிஃப்யூஜிடம் எனக்கென்ன பேச்சு.

ஜூலை 5, வெள்ளி

நோயாளியின் சீரத்துக்குப் பக்கத்திலேயே ஆரோக்கியமான ஆளின் சீரத்தையும் ஓட்டினால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கம்பெனிச் சரக்கு பம்பாயிலிருந்து வரணும். எங்கள் பெத்தாலஜிஸ்ட் டாக்டர் மீனலோசனி சொன்னார்: “நம்ம அஞ்சு பேரு ரத்தத்தையும் எடுத்து ஒண்ணாக் கலந்து வச்சுக்கிடுவோம். நம்மள விட நார்மல் யாரு இருக்கா?”

அஞ்சு பேர் என்றால் டாக்டர், நான், எக்ஸ்ரே சங்கிலி, சவரிமுத்து, அட்டெண்டர் பொன்னுத்தாய். நார்மல் என்ற சொல்லுக்குள் சவரிமுத்துவையும் சேர்த்தது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் ரத்தம் கொடுத்தேன்.

பழைய லேப் இன்சார்ஜ் ரிட்டையர் ஆகி அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் எங்கள் இரண்டு பேரில் ஒருவரை உட்கார வைப்பார்களாம். யார் என்பது கண் உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 8, திங்கள்

எங்கள் நார்மல் சீரத்தில் காமா இருக்கிற இடத்தில் ஒரு கோடு. மெல்லிசுதான். பிளேடால் கீறினது போல ஒரு சிவப்புக் கோடு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. “யாரோ அவுக ரத்தத்த உறையாத குப்பில எடுத்துட்டாக. சீரத்துக்குப் பதிலா பிளாஸ்மா. அதுல இருக்க ஃபைப்ரினோஜன், ரத்தத்த உறைய வைக்கிற புரதம், கோடா நிக்கி. சீரம் எது, பிளாஸ்மா எதுன்னு தெரியாதவுகளுக்கெல்லாம் இன்சார்ஜ் நாற்காலி கேக்குது,” என்று ஃபிரிட்ஜிடம் சொன்னேன்.

“நான் வெறும் டியூப்லதான் எடுத்தேன்!” என்று சவரிமுத்து கத்தினார். அதையும் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அது ஃபைப்ரினோஜன் நிற்கிற இடம் இல்லையாம். ஒரே ஒரு வகைப் புரதம் மட்டும் அளவுக்கு மீறி உண்டானால்தான் இப்படிக் கூர்மையாகக் கோடு விழும். ஒன்றுமில்லாமலும் போகலாம். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அஞ்சு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பொன்னுத்தாய் மட்டும், “எனக்குப் பல்வலிதான் இருக்கு டாக்டரம்மா,” என்றாள்.

மறுபடியும் ஆளுக்கு ஒரு டியூப். பெயர் போடாமல் வெறும் நம்பர். ரகசியமாம். ஆனால் ரத்தம் எடுத்த வரிசைதான் நம்பர், எடுத்ததை எல்லாரும் பார்த்தோம். டாக்டர் ஒன்று, நான் இரண்டு, சங்கிலி மூன்று, சவரிமுத்து நாலு, பொன்னுத்தாய் அஞ்சு.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பெரியவளுக்கு வரன் பார்க்கிற நேரம். “என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்டார். வெயில் என்றேன்.

ஜூலை 10, புதன்

பட்டையை ஓட்டினது சவரிமுத்து. நான் வார்டுக்கு ஓர் அவசர சுகர் டெஸ்டுக்குப் போய்விட்டு வந்தேன். லேபில் ஆளில்லை. பட்டை சாயம் போய், தெளிந்து, கண்ணாடித் தகட்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. இடமிருந்து எண்ணினேன். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். இரண்டு சுத்தம்! மூன்றும் சுத்தம். நாலில் கோடு. அதே கோடு, இப்போது நல்ல தடிமனாக.

பாவம் சவரிமுத்து.

கலங்கிப் போய் அங்கேயே நின்றேன். அப்போதும் அவருடைய வேலை லட்சணம் கண்ணில் படாமல் இல்லை. மூலை வெட்டச் சொன்னால் வெட்ட மாட்டார், இடுக்கியால் இழுத்து வலது மேல் மூலையைப் பிய்த்து வைத்திருக்கிறார். என்ன அவசரமோ. சாகப்போகிறவர் மேல் என்ன கோபம் என்று விட்டுவிட்டேன்.

அவர் உள்ளே வந்தார். நான் ஜன்னலைப் பார்த்து, “நாலாம் நம்பருக்கு ஆண்டவன் துணை இருக்கட்டும்,” என்றேன். அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். முகம் வெளிறிப் போயிற்று. தனக்கு என்று அந்த நேரத்தில்தான் உறைத்திருக்கும்.

டாக்டர் வந்து பட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “யாருன்னு யாரும் பேசக் கூடாது. பெரிய லேப்புக்கு அனுப்புதேன். ரிசல்ட்டு பேப்பர் வந்ததும் அவுககிட்ட நானே சொல்லிக்கிடுதேன்,” என்றார்.

மனசே சரியில்லை. வருகிற வழியில் மக்ரூன் இனிப்பு கால் கிலோ வாங்கினேன். பிள்ளைகள் எதற்கு என்று கேட்டார்கள். சும்மாதான்.

ஜூலை 11, வியாழன்

சீலா மீன் குழம்பு வைத்து சவரிமுத்துவுக்கு ஒரு தூக்கில் கொண்டுபோனேன். அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தூக்கு கழுவித் திரும்பி வந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசினார். சென்ட்ரிஃப்யூஜைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

“மேடம், அந்த அமில ஜாடியத் தூக்காதீய. நான் தூக்குதேன்.”

மரணம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் மனுஷனுக்கு அடக்கம் தன்னால் வருகிறது. “நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி,” என்றேன். அண்ணாச்சி என்று எப்படி வந்ததோ, வந்துவிட்டது.

“நீங்களும் பாத்துக்கிடணும் மேடம்,” என்றார். “முதுகு கிதுகு வலிக்கா? எலும்புல எங்கயாச்சும் நோவு?”

தன் நோவை என்னிடம் சொல்லக் கூச்சம், அதுதான் இப்படிச் சுற்றிக் கேட்கிறார். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்,” என்றேன். அவர் அதற்குச் சந்தோஷப்பட்டார். நல்ல மனசு. இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது?

ஜூலை 15, திங்கள்

டாக்டரிடம் போய், இன்சார்ஜ் பொறுப்பைச் சவரிமுத்துவுக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இருக்கிற கொஞ்ச நாளாவது அதில் உட்கார்ந்து பார்க்கட்டும். எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருக்கிறது.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உலகம்மா, யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?”

“நல்லா யோசிச்சுட்டேன் டாக்டர்.”

சவரிமுத்துவுக்குத் தெரிந்ததும் ஓடி வந்தார். “வேண்டாம் மேடம். அது உங்களுக்குத்தான். நானே டாக்டர்ட்ட சொல்லலாம்னு இருந்தேன், நீங்கதான் உக்காரணும்.”

“மறுத்துப் பேசாதீங்க அண்ணாச்சி. நீங்கதான்.”

“அய்யோ, வேண்டாம்னு சொல்லுதேன்லா!”

ஒரு மணி நேரம் சண்டை. ஏழு வருஷமாக அந்த மனுஷனிடம் நான் ஜெயித்ததே இல்லை. இன்றைக்கு ஜெயித்தேன்.

ஜூலை 18, வியாழன்

எல்லாருக்கும் வருஷாந்திரச் செக்கப்பாம். இந்த ஆஸ்பத்திரியில் எந்த வருஷம் நடந்தது இந்த வருஷாந்திரம்? சவரிமுத்து மனசு நோகக் கூடாதென்று டாக்டர் போடுகிற நாடகம். டாக்டருக்கும் எவ்வளவு தங்கமான மனசு.

நாடகத்துக்கு நானும் ஒத்துழைத்தேன். கால்சியம், கிரியாட்டினின் என்று என்னிடம் மூன்று டியூப் எடுத்தார்கள். எடுத்தது சவரிமுத்துதான், நோகாமல் எடுத்தார். அப்புறம் எக்ஸ்ரே. எனக்கு மண்டை, முதுகெலும்பு, இடுப்பு, தொடை என்று சங்கிலி படம் படமாக எடுத்தான். சவரிமுத்துவுக்கு நெஞ்சு ஒன்றோடு சரி.

“என்ன சங்கிலி, எடுக்க வேண்டிய ஆளுக்கு ஒண்ணு, எனக்குக் கல்யாண ஆல்பமா?”

“பிலிம் தீந்துபோச்சுக்கா,” என்றான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, பாவம்.

ஜூலை 19, வெள்ளி

கத்தரிக்காய்ப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும். தூக்கில் ஒரு பருக்கை மிச்சமில்லை. வியாதிக்காரருக்கு நல்ல பசிதான்.

ஜூலை 23, செவ்வாய்

பொன்னுத்தாய் சொன்னாள்: சவரி சார் தினமும் வேலைக்கு வரும்போது பனிமய மாதா கோயிலில் இறங்கி மெழுகுதிரி ஏற்றுகிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர்ப் பயம் யாரை விட்டது? நானும் சாயங்காலம் சிவன் கோயிலில் அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். கிறிஸ்தவரின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 24, புதன்

வீட்டில் அவரிடம் எல்லாம் சொன்னேன். “ஏழு வருசமா அவன் பேர எடுத்தா சோத்த வச்சுட்டு எந்திருச்சிருவ. இப்பம் அவனுக்குத் தூக்குல சோறு போகுது. இது என்ன பாசமோ?” என்றார். ஆம்பளைகளுக்கு இரக்கம் என்றால் என்னவென்று தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். ஊரே திரண்டு கிடக்கிறது. சவரிமுத்து லீவு போடவில்லை. “போகலியா அண்ணாச்சி? அடுத்த வருசம்...” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர், “அடுத்த வருசம் நீங்களும் வாங்க மேடம். குடும்பத்தோட கூட்டிட்டுப் போறேன்,” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

ஜூலை 29, திங்கள்

பேப்பர் வந்துவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“உக்காருங்க உலகம்மா.”

உட்கார்ந்தேன். அண்ணாச்சியின் மனைவியிடம் போய்ச் சொல்ல ஒரு பொம்பளை வேணும், அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கர்சீப்பைக்கூட எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“ரெண்டாம் நம்பர் ரிசல்ட்டு...” என்று ஆரம்பித்தார்.

“நாலு டாக்டர்,” என்று திருத்தினேன்.

“ரெண்டு, உலகம்மா.”

பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மூலை வெட்டு இடது பக்கம். பிய்ந்தது இல்லை, கத்தரியால் நேராக வெட்டினது. கோடு இரண்டாவது வரிசையில் நின்றது. நான் அதை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி கவிழ்த்தேன். வெட்டு வலது பக்கம் போனது, கோடு நாலாவதாகப் போனது. மறுபடி திருப்பினேன், இரண்டு. மூன்று தடவை அப்படியே செய்தேன்.

அவர் விளக்கினது பாதிதான் காதில் ஏறியது. எலும்பு சுத்தமாக இருக்கிறது. கால்சியம், கிட்னி எல்லாம் சரி. அந்தப் புரதத்தின் அளவும் குறைச்சல். இதை இன்னும் நோய் என்று சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கணும். நிறையப் பேருக்குக் கடைசிவரைக்கும் இப்படியே இருந்துவிடும். சிலருக்கு மாறும்.

“எந்தச் சிலருக்கு?”

“அது யாருக்கும் தெரியாது உலகம்மா. பயப்படாதீங்கன்னு சும்மா சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு நீங்க நல்லா இருக்கீங்க.”

வெளியே வந்தேன். பெரியவள் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது. கல்லு மாதிரி இருக்கேன் என்று சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சவரிமுத்து இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நல்ல திடமான மனுஷன். நான் போட்ட சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறார்.

“மூலைய வெட்டியிருக்கீய,” என்றேன். எவ்வளவோ கேட்க இருந்தது, அதுதான் வாயில் வந்தது.

“அன்னைக்குத்தான் முத முறையா வெட்டுனேன். நீங்க அம்புட்டு சொன்னீயன்னு,” என்றார். “காயப் போடும்போதுதான் கவுத்துப் போட்டுட்டேன் போல. தப்பு என் பேருலதான்.”

“தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?”

“டாக்டரம்மா வாயத் திறக்கப்படாதுன்னாக.”

“டாக்டரம்மா சொன்னா கேக்கிற ஆளா நீரு? என்னைய மூணு வாரமா கிறுக்கச்சியா ஆக்கிட்டீரு! எனக்கு வந்த நோயி, நான் உமக்கு அர்ச்சனை பண்ணிக்கிட்டு, சோறு சுமந்துக்கிட்டு, நாற்காலியத் தூக்கிக் குடுத்துட்டு...”

“நாற்காலிய எடுத்துக்கிடுங்க மேடம். இப்பவே எடுத்துக்கிடுங்க.”

“யாருக்கு வேணும் உம்ம நாற்காலி!”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பொன்னுத்தாய் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சவரிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பீக்கரில் தண்ணீர் கொண்டுவந்தார், லேப் பீக்கரில் குடிக்கக் கூடாது என்று நினைவு வந்து திரும்பக் கொண்டுபோனார், டம்ளரில் எடுத்துவந்தார்.

“சொல்லிருவோம்னுதான் நெனச்சேன் மேடம்,” என்றார். “பட்டை ஓட்டுன அன்னைக்கு நீங்க கிளம்புனதும் சைக்கிள எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்தேன். டாக்டரம்மா திட்டுனா திட்டட்டும்னுதான் வந்தேன். நீங்க பஸ் ஸ்டாப்புல நிக்கீய. தனியா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீய.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அம்புட்டு வருசத்துல நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுல போயி மண்ணள்ளிப் போட மனசு வரல. சரி, பேப்பரு வாறவரைக்கும் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்னு திரும்பிட்டேன்.”

“நான் ஒண்ணும் சிரிக்கல,” என்றேன்.

“சரி மேடம். சிரிக்கல.”

சிரித்தேன். எனக்கு இல்லை, அவருக்குத்தான் என்று சிரித்தேன். பஸ் வருகிறவரைக்கும் அடக்க முடியாமல் சிரித்தேன். அந்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் தனக்குத்தான் நோய் என்பது போல எனக்கு முன்னால் உட்கார்ந்து, நான் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறார்.